முருங்கை: வேலியோரத்து உணவும் மருந்தும்



போசணை பற்றிய வினா எந்தப் பாடத்தில் வந்தாலும் உங்களில் பலரின் விடையில் இடம்பெறும் மரம் முருங்கை. சுகாதாரம், விஞ்ஞானம், மனைப்பொருளியல், விவசாயம் ஆகிய பாடங்களில் மட்டுமன்றி, தமிழ்மொழிக் கட்டுரையிலும் அதனை எழுதுகிறீர்கள். ஆனால் எழுதும் விதம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "முருங்கையில் எல்லாச் சத்துகளும் உண்டு. அது எல்லா நோய்களையும் குணப்படுத்தும்." இவ்வாறு எழுதும் விடைக்கு முழுப்புள்ளி கிடைக்காது. ஏனெனில் எந்தப் பகுதியில் எந்தப் போசணை உண்டு, அது உடலில் என்ன தொழிலைச் செய்கிறது, எவ்வாறு உண்டால் அது உடலுக்குக் கிடைக்கும் என்ற மூன்று வினாக்களுக்கும் அதில் விடை இல்லை.

புள்ளிக்காக மட்டும் இதனை நீங்கள் கற்க வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது பால்மா, முட்டை, மீன் ஆகியவற்றின் விலை எவ்வளவு உயர்ந்தது என்பதை உங்கள் வீடுகளில் கண்டிருப்பீர்கள். அந்நாட்களில் பணம் கொடுக்காமல் வளவிலிருந்தே பறிக்கக்கூடியதாக இருந்த உணவுகளில் முருங்கையிலை முக்கியமானது. அத்துடன் உங்கள் வயதுப் பெண்பிள்ளைகளை அதிகம் பாதிக்கும் இரும்புக் குறைபாட்டுக்கும் இம்மரத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. எனவே கவனமாக வாசியுங்கள்.

1. மரத்தை அறிந்துகொள்வோம்

முருங்கையின் விஞ்ஞானப் பெயர் மொறிங்கா ஒலிபேரா. குடும்பம் மொறிங்கேசியே. "ஒலிபேரா" என்பதற்கு எண்ணெய் தருவது என்பது பொருள். இதன் விதையில் எண்ணெய் இருப்பதால் அப்பெயர் வந்தது. "மொறிங்கா" என்ற சொல்லோ நம்முடையது. தமிழில் முருங்கை, சிங்களத்தில் முருங்கா என வழங்கும் இப்பிரதேசப் பெயரே இலத்தீன் வடிவம் பெற்று உலகெங்கும் சென்றது. இச்சாதியில் 13 இனங்கள் உள்ளன. நாம் உண்பது அவற்றுள் ஒன்று. அதன் தாயகம் இந்தியாவின் வடபகுதியிலுள்ள இமயமலை அடிவாரம் ஆகும்.

முருங்கை வேகமாக வளரும் மரம். வறட்சியைத் தாங்கும். வேரடியில் நீர் தேங்கி நிற்பதைத் தாங்காது. ஆகவே எமது நாட்டின் வறண்ட வலயத்துக்கு, சிறப்பாக யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் போன்ற பகுதிகளுக்கு மிகப் பொருத்தமானது. விதையாலும் கதியாலாலும் இனம்பெருக்கலாம். வேலிக்குக் கிளுவை, பூவரசு ஆகியவற்றுடன் முருங்கைக் கதியாலையும் மாரி தொடங்கும்போது நடுவது எமது வழக்கம்.

தமிழ்நாட்டு விவசாய நூல்களில் "யாழ்ப்பாண முருங்கை", "சாவகச்சேரி முருங்கை" என்ற பெயர்களில் இரு வகைகள் குறிப்பிடப்படுகின்றன. யாழ்ப்பாண முருங்கையின் காய் 60 முதல் 90 சென்ரிமீற்றர் வரையும், சாவகச்சேரி முருங்கையின் காய் 90 முதல் 120 சென்ரிமீற்றர் வரையும் நீளமானது. இரண்டும் பல்லாண்டு வாழும் மரங்கள். விதையிலிருந்து ஓராண்டுப் பயிராகச் செய்கைபண்ணப்படும் பி.கே.எம் 1 என்ற வகை தமிழ்நாட்டின் பெரியகுளத்தில் உருவாக்கப்பட்டது. விவசாயம் கற்கும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க.

முருங்கையின் கொப்பு எளிதில் முறியும். "முருங்கை பருத்தால் தூணாகுமா?" என்ற பழமொழி இதனையே கூறுகிறது. ஆகவே காய் பறிக்க மரத்தில் ஏறாதீர்கள். கொக்கத்தடியைப் பயன்படுத்துங்கள்.

2. இலையும் காயும் ஒன்றல்ல

மாணவர்கள் அதிகம் பிழைவிடும் இடம் இது. "முருங்கையில் இரும்பு உண்டு" என்று பொதுவாக எழுதுகிறார்கள். இலையின் போசணையும் காயின் போசணையும் வேறுபட்டவை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணைப்படி, சமைக்காத நிலையில் 100 கிராமில் உள்ள அளவுகள் ஏறத்தாழ வருமாறு:

இலை (100 கிராம்)
நீர் – 79 கிராம்
சக்தி – 64 கிலோகலோரி
புரதம் – 9.4 கிராம்
நார்ப்பொருள் – 2.0 கிராம்
கல்சியம் – 185 மில்லிகிராம்
இரும்பு – 4.0 மில்லிகிராம்
விற்றமின் ஏ – 378 மைக்கிரோகிராம்
விற்றமின் சி – 52 மில்லிகிராம்

காய் (100 கிராம்)
நீர் – 88 கிராம்
சக்தி – 37 கிலோகலோரி
புரதம் – 2.1 கிராம்
நார்ப்பொருள் – 3.2 கிராம்
கல்சியம் – 30 மில்லிகிராம்
இரும்பு – 0.4 மில்லிகிராம்
விற்றமின் ஏ – 4 மைக்கிரோகிராம்
விற்றமின் சி – 141 மில்லிகிராம்

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புரதம் இலையில் நான்கு மடங்குக்கு மேல் உண்டு. கல்சியம் ஆறு மடங்கு. இரும்பு பத்து மடங்கு. விற்றமின் ஏ காயில் இல்லை என்றே சொல்லலாம். விற்றமின் சியும் நார்ப்பொருளும் காயில்தான் அதிகம். ஆகவே "குருதிச்சோகையைத் தடுக்க முருங்கைக்காய் உண்ண வேண்டும்" என்று எழுதுவது பொருத்தமற்றது. அந்த இடத்தில் எழுத வேண்டியது முருங்கையிலை.

வீட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. காய்க்குச் சந்தையில் விலை உண்டு. அதனால் காய்க்கு மதிப்புக் கொடுக்கிறோம். இலை இலவசமாகக் கிடைப்பதால் பலர் அதனை ஏழைகளின் கறி என்று ஒதுக்குகிறார்கள். விலையையும் போசணையையும் ஒன்றாகக் கருதக்கூடாது.

3. போசணைகளும் அவற்றின் தொழில்களும்

புரதம்: உடல் வளர்ச்சிக்கும் தேய்ந்த இழையங்களைப் புதுப்பிப்பதற்கும் தேவை. இலைக்கறிகளுள் முருங்கையிலை புரதம் கூடியது. அதனைப் பருப்புடன் அல்லது நெத்தலியுடன் சேர்த்துச் சமைத்தால் உணவின் புரதம் மேலும் உயரும்.

கல்சியம்: எலும்பு, பல் ஆகியவற்றின் உறுதிக்கும், தசைச் சுருக்கத்துக்கும், குருதி உறைதலுக்கும் தேவை.

இரும்பு: செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபின் உருவாகத் தேவை. ஈமோகுளோபினே ஒட்சிசனை உடல் முழுவதும் கொண்டுசெல்கிறது.

விற்றமின் ஏ: இலையிலுள்ள பீற்றா கரோட்டின் உடலில் விற்றமின் ஏ ஆக மாற்றப்படுகிறது. கண்பார்வைக்கும் தோலின் நலத்துக்கும் நோய் எதிர்ப்புக்கும் இது அவசியம். குறைந்தால் மாலைக்கண் நோய் ஏற்படும்.

விற்றமின் சி: முரசின் நலத்துக்கும் காயங்கள் ஆறுவதற்கும் தேவை. குறைந்தால் ஸ்கேவி நோய் ஏற்படும். உணவிலுள்ள இரும்பை உடல் அகத்துறிஞ்சவும் இது உதவுகிறது.

நார்ப்பொருள்: மலச்சிக்கலைத் தடுக்கிறது.

ஒட்சியேற்ற எதிரிகள்: குவெர்செற்றின், குளோரோஜெனிக் அமிலம் போன்ற சேர்வைகள் இலையில் உள்ளன. இவை கலங்களைப் பாதிக்கும் ஒட்சியேற்றத்தைத் தடுக்கக்கூடியவை.

4. குருதிச்சோகையும் முருங்கையிலையும்: ஒரு சிறு கணக்கு

குருதியில் ஈமோகுளோபினின் அளவு இருக்க வேண்டிய அளவிலும் குறைவது குருதிச்சோகை எனப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் நியமப்படி, கர்ப்பமுறாத 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 12 கிராமிலும் குறைவாக இருந்தால் அது குருதிச்சோகை. களைப்பு, தோலும் கண்ணிமையின் உட்புறமும் வெளிறுதல், படியேறும்போது மூச்சு வாங்குதல், பாடத்தில் கவனம் குறைதல் ஆகியன இதன் அறிகுறிகள். "சோம்பேறி", "படிப்பில் அக்கறையில்லை" என்று ஏச்சு வாங்கும் பிள்ளைகளுள் சிலருக்கு உண்மையில் இருப்பது இந்தக் குறைபாடு. இதனைப் பெற்றோரும் ஆசிரியர்களும் அறிய வேண்டும்.

உங்கள் வயதில் உடல் விரைவாக வளர்கிறது. பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாயினாலும் இரும்பு இழக்கப்படுகிறது. கொழுக்கிப்புழுத் தொற்றும் இரும்பு இழப்புக்குக் காரணமாகலாம். அமெரிக்கப் போசணை நியமப்படி 14 முதல் 18 வயது வரையான பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்பும், ஆண்பிள்ளைக்கு 11 மில்லிகிராம் இரும்பும் தேவை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஒரு வேளையில் 50 கிராம் பச்சை இலையில் செய்த வறையை உண்கிறார் எனக் கொள்வோம். 100 கிராமில் 4 மில்லிகிராம் எனில், 50 கிராமில் 2 மில்லிகிராம் இரும்பு உண்டு. 15 மில்லிகிராமில் 2 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ 13 வீதம். அதாவது பெண்பிள்ளையின் ஒருநாள் தேவையில் எட்டில் ஒரு பங்கு அளவு.

இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, வேலியில் இலவசமாகக் கிடைக்கும் ஓர் இலை ஒரே வேளையில் இவ்வளவைத் தருவது பெரிய உதவி. இரண்டாவது, அது மட்டும் போதாது. மீதியை மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, கௌபி, ஏனைய கீரைகள் ஆகியவற்றிலிருந்து பெற வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்து எழுதும் விடையே சரியான விடை.

தாவர உணவிலுள்ள இரும்பில் ஒரு சிறு பகுதியையே உடல் அகத்துறிஞ்சும். மீன், இறைச்சியிலுள்ள இரும்பு அதனிலும் இலகுவாக அகத்துறிஞ்சப்படும். தாவர இரும்பின் அகத்துறிஞ்சலை விற்றமின் சி கூட்டும். தேநீரிலுள்ள தனின் குறைக்கும். முருங்கையிலை வறையுடன் சோறு உண்டுவிட்டு உடனே ஒரு கோப்பை தேநீர் குடிப்பவர், கையால் கொடுத்ததை மறு கையால் பறித்தவர் ஆகிறார். உணவுக்கும் தேநீருக்கும் இடையில் குறைந்தது ஒரு மணித்தியாலம் விடுங்கள். உணவுடன் தேசிப்புளி, கொய்யா, நெல்லி ஆகியவற்றுள் ஏதாவது ஒன்றைச் சேருங்கள்.

பாடசாலையில் அல்லது சிகிச்சை நிலையத்தில் உங்களுக்கு இரும்பு மாத்திரை தரப்பட்டால் அதனை ஒழுங்காக எடுங்கள். "நாங்கள் முருங்கையிலை சாப்பிடுகிறோம், மாத்திரை வேண்டாம்" என்று எறிந்துவிடாதீர்கள். குறைபாடு ஏற்பட்டவருக்கு இலையில் உள்ள அளவு போதாது.

5. எவ்வாறு சமைத்தால் போசணை கிடைக்கும்?

முருங்கையிலை வறை, முருங்கையிலைச் சொதி, ஒடியற்கூழில் இடும் இலை, நண்டுக்குழம்பில் இறுதியாகத் தூவும் இலை, முருங்கைக்காய்ப் பால்கறி, முருங்கைப்பூ வறை என எமது சமையலில் இம்மரத்துக்குப் பல இடங்கள் உண்டு. இவற்றைச் சமைக்கும்போது பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

(அ) இலையைக் காம்பிலிருந்து உருவ முன்னரே கழுவுங்கள். நறுக்கிய பின் கழுவினால் நீரில் கரையும் விற்றமின்கள் நீருடன் போய்விடும்.

(ஆ) நீண்ட நேரம் வேகவைக்காதீர்கள். விற்றமின் சி வெப்பத்தால் அழியும். சொதி கொதித்த பின் இலையை இட்டு, வெந்தவுடன் இறக்குவதே சரியான முறை.

(இ) இலை வெந்த நீரை ஊற்றிவிடாதீர்கள். கரைந்த போசணைகள் அதில் உள்ளன.

(ஈ) தேங்காய்ப்பூ அல்லது தேங்காய்ப்பால் சேருங்கள். பீற்றா கரோட்டின் கொழுப்பில் கரைவது. சிறிதளவு கொழுப்பு இருந்தால்தான் உடல் அதனை நன்றாக அகத்துறிஞ்சும். வறைக்குத் தேங்காய்ப்பூச் சேர்க்கும் வழக்கம் சுவைக்காக மட்டும் வந்ததாக இருந்தாலும், போசணைக்கும் அது உதவுகிறது.

(உ) தேசிப்புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின் விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் அதிலுள்ள விற்றமின் சி குறையும்.

(ஊ) இலையைக் காயவைத்துத் தூளாக்கிச் சேமிப்பதாயின் நிழலில் உலர்த்துங்கள். தூளில் நீர் அகற்றப்படுவதால் புரதம், கல்சியம், இரும்பு ஆகியவை செறிந்திருக்கும். விற்றமின் சியில் பெரும்பகுதி அழிந்துவிடும்.

6. "ஏழு மடங்கு, நான்கு மடங்கு" என்பது உண்மையா?

"முருங்கையிலையில் தோடம்பழத்தைவிட 7 மடங்கு விற்றமின் சி, கரட்டைவிட 4 மடங்கு விற்றமின் ஏ, பாலைவிட 4 மடங்கு கல்சியம், வாழைப்பழத்தைவிட 3 மடங்கு பொற்றாசியம்" என்ற வாசகத்தை விளம்பரங்களிலும் முருங்கைத்தூள் பொதிகளிலும் கண்டிருப்பீர்கள். சில மாணவர்கள் இதனை அப்படியே மனனஞ்செய்து எழுதுகிறார்கள்.

முன்னர் பார்த்த அதே அமெரிக்க அட்டவணையில் இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். 100 கிராம் தோடம்பழத்தில் விற்றமின் சி ஏறத்தாழ 53 மில்லிகிராம், முருங்கையிலையில் 52. கரட்டில் விற்றமின் ஏ 835 மைக்கிரோகிராம், முருங்கையிலையில் 378. பாலில் கல்சியம் 113 மில்லிகிராம், முருங்கையிலையில் 185. வாழைப்பழத்தில் பொற்றாசியம் 358 மில்லிகிராம், முருங்கையிலையில் 337. கல்சியத்தில் மட்டுமே இலை முந்துகிறது. அதுவும் ஒன்றரை மடங்கு அளவுதான்.

அப்படியானால் அந்த வாசகம் எங்கிருந்து வந்தது? இந்தியாவின் தேசியப் போசணை நிறுவகத்தின் பழைய அட்டவணையில் முருங்கையிலையின் விற்றமின் சி 220 மில்லிகிராம், கல்சியம் 440 மில்லிகிராம் எனக் காணப்படுகிறது. அந்தக் கல்சிய அளவு பாலைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே ஓர் அட்டவணை பொய், மற்றையது மெய் என்பதல்ல. மண், மரத்தின் வகை, இலையின் முதிர்ச்சி, பறித்த பின் கழிந்த நேரம், பரிசோதித்த முறை ஆகியவற்றால் அளவுகள் மாறும். விளம்பரம் எழுதுபவர் அவற்றுள் மிகக் கூடியதை எடுத்துக்கொள்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாலும் இலையும் 100 கிராமுக்கு 100 கிராம் ஒப்பிடப்படுகின்றன. ஆனால் ஒருவர் ஒரு தடவையில் 200 மில்லிலீற்றர் பால் குடிக்கலாம். அதில் ஏறத்தாழ 230 மில்லிகிராம் கல்சியம் உண்டு. 50 கிராம் இலையில் கிடைப்பது ஏறத்தாழ 93 மில்லிகிராம். முருங்கைத்தூளிலும் ஒருவர் ஒரு நேரத்தில் எடுப்பது ஒரு தேக்கரண்டிதான், 100 கிராம் அல்ல. எனவே "மடங்கு" என்று எழுதுவதை விடுத்து, "முருங்கையிலை கல்சியம், இரும்பு, விற்றமின் ஏ ஆகியவற்றின் சிறந்த, மலிவான மூலம்" என்று எழுதுங்கள். அதனை எவரும் பிழை எனக் கூறமுடியாது.

7. மருத்துவப் பயன்கள்

மருத்துவப் பயன்களை எழுதும்போது மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுங்கள்.

முதலாவது, உணவாக உண்பதால் வரும் நன்மை. இரும்பு, விற்றமின் ஏ ஆகியவற்றின் குறைபாடுகளைத் தடுப்பதற்கு உதவுதல், நார்ப்பொருளினால் மலச்சிக்கல் குறைதல் ஆகியன இதில் அடங்கும். இவற்றை உறுதியாக எழுதலாம்.

இரண்டாவது, சித்த, ஆயுர்வேத, நாட்டு வைத்திய மரபுகளில் உள்ள பயன்பாடு. இலையை வதக்கி வீக்கத்துக்கும் சுளுக்குக்கும் ஒத்தடம் கொடுத்தல், மலச்சிக்கலுக்கு இலைச்சாறு அல்லது இலை இரசம் கொடுத்தல், உடல் வலிமைக்குப் பூவைப் பாலில் காய்ச்சிக் கொடுத்தல் முதலியன இவற்றுட் சில. நண்டுக்குழம்பில் முருங்கையிலை சேர்த்தால் சமிபாட்டுக்கு நல்லது என்பதும் எமது மக்களின் நம்பிக்கை. இவற்றை "நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்தப்படுகிறது" என்று எழுதுங்கள்.

மூன்றாவது, தற்கால ஆராய்ச்சி. இலையிலுள்ள சில சேர்வைகள் குருதி வெல்லத்தையும் குருதியமுக்கத்தையும் குறைக்கக்கூடும் என ஆய்வுகூடச் சோதனைகளும் விலங்குகளில் செய்த சோதனைகளும் காட்டியுள்ளன. மனிதரில் செய்யப்பட்டவை பெரும்பாலும் சிறிய அளவிலான ஆய்வுகளே. எனவே "நீரிழிவைக் குணப்படுத்தும்" என்பது பிழை. "குருதி வெல்லத்தைக் கட்டுப்படுத்த உதவக்கூடும் என ஆய்வுகள் தெரிவிக்கின்றன" என்பது சரி.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டல்ல. "குணப்படுத்தும்" என்ற ஒரு சொல்லை நம்பி இன்சுலினை நிறுத்திவிட்டு இலைச்சாறு மட்டும் குடிப்பவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். வீட்டில் நீரிழிவு மாத்திரை எடுக்கும் அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ வாசித்துச் சொல்லப்போவது நீங்கள்தான். அளந்து சொல்லுங்கள்.

"முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு போவான்" என்ற பழமொழிக்கு, முருங்கை உண்டவன் முதுமையிலும் ஊன்றுகோல் இல்லாமல் வெறுங்கையை வீசி நடப்பான் என்று பொருள் கூறுவர். தமிழ்க் கட்டுரையில் இதனைத் தாராளமாக எடுத்தாளலாம். விஞ்ஞான விடையில் சான்றாக எழுதக்கூடாது.

8. எச்சரிக்கைகள்

• வேரையும் வேர்ப்பட்டையையும் உண்ணக்கூடாது. அவற்றில் நச்சுத்தன்மையுள்ள அல்கலொயிட்டுகள் உள்ளன.

• கர்ப்பிணித் தாய்மார் வேர், பட்டை, பூ ஆகியவற்றை மருந்தாக எடுக்கக்கூடாது. இலைத்தூள், குளிசை போன்றவற்றை எடுக்க விரும்பினால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் அல்லது வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டும்.

• நீரிழிவு, உயர் குருதியமுக்கம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்போர் கறியாக உண்பதில் தவறில்லை. தூளாகவோ சாறாகவோ நாள்தோறும் கூடுதலாக எடுத்தால் மருந்தின் விளைவுடன் சேர்ந்து வெல்லமும் அமுக்கமும் அளவுக்கு மீறிக் குறையலாம். வைத்தியரின் ஆலோசனை அவசியம்.

• பொற்றாசியத்தைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்ட சிறுநீரக நோயாளர் எந்தக் கீரையையும் வைத்தியரிடம் கேட்டே உண்ண வேண்டும்.

• மரத்தில் மயிர்கொட்டிகள் மொய்த்திருக்கும் காலத்தில் இலை பறிக்கும்போது கவனம் தேவை. பூச்சிநாசினி தெளித்த மரத்தின் இலையைப் பொதியில் குறிப்பிட்ட நாட்கள் கழியும் வரை பறிக்கக்கூடாது.

9. விதையின் பயன்

முற்றிய முருங்கை விதையிலிருந்து பெறும் எண்ணெய் இலகுவில் பழுதடையாது. அதில் பெரும்பகுதி ஒலெயிக் அமிலம். முற்காலத்தில் கைக்கடிகாரம் போன்ற நுண்ணிய பொறிகளுக்கு உராய்வுநீக்கியாகவும் பயன்பட்டது.

விதையின் இன்னொரு பயன் விஞ்ஞானப் பாடத்துக்கு மிகப் பொருத்தமானது. சூடான் நாட்டுக் கிராமங்களில் பெண்கள் நைல் நதியின் கலங்கிய நீரைத் தெளியவைக்க முருங்கை விதையைப் பயன்படுத்தி வந்துள்ளனர். எமது முன்னோர் கிணற்று நீருக்குத் தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்தியதை இதனுடன் ஒப்பிடலாம். விதைப் பருப்பில் நேரேற்றமுள்ள புரதம் உண்டு. நீரில் மிதக்கும் களிமண் துணிக்கைகள் மறையேற்றம் உடையவை. எதிரான ஏற்றங்கள் கவரப்படுவதால் துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து பாரமாகி அடியில் படியும். விதைப் பருப்பை அரைத்து, சிறிது சுத்தமான நீரில் கரைத்து வடித்து, கலங்கிய நீரில் விட்டுக் கலக்கி, ஓரிரு மணித்தியாலம் அசையாமல் வைக்க வேண்டும். நீர் தெளிந்தாலும் அதில் நோய்க்கிருமிகள் எஞ்சியிருக்கும். ஆகவே கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். இந்த இறுதி வசனத்தை எழுத மறந்தால் விடை முழுமையடையாது.

10. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: முருங்கையிலையில் அதிகம் உள்ள கனியுப்புகள் இரண்டையும் அவற்றின் தொழில் ஒவ்வொன்றையும் தருக.
விடை: கல்சியம் – எலும்பு, பல் உறுதி. இரும்பு – ஈமோகுளோபின் உருவாக்கம்.

வினா 2: முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும் சேர்ப்பதன் போசணை முக்கியத்துவத்தை விளக்குக.
விடை: தேங்காய்ப்பூவிலுள்ள கொழுப்பு, கொழுப்பில் கரையும் பீற்றா கரோட்டினின் அகத்துறிஞ்சலுக்கு உதவும். தேசிப்புளியிலுள்ள விற்றமின் சி, தாவர இரும்பின் அகத்துறிஞ்சலைக் கூட்டும்.

வினா 3: குருதிச்சோகையுள்ள 16 வயது மாணவி ஒருவருக்கு நீங்கள் வழங்கும் ஆலோசனைகள் நான்கு தருக.
விடை: வைத்திய ஆலோசனைப்படி இரும்பு மாத்திரையை ஒழுங்காக எடுத்தல். முருங்கையிலை, மீன், முட்டை, பருப்பு போன்ற இரும்புள்ள உணவுகளை உண்ணுதல். உணவுடன் விற்றமின் சி உள்ள பழமொன்றைச் சேர்த்தல். உணவுக்குப் பின் உடனே தேநீர் அருந்துவதைத் தவிர்த்தல். (புழுத்தொற்று இருந்தால் அதற்குச் சிகிச்சை பெறுதல் என்பதும் ஏற்புடையது.)

வினா 4: "முருங்கை சர்வரோக நிவாரணி." இக்கூற்றுப் பற்றி உமது கருத்தை எழுதுக.
விடைக் குறிப்பு: உணவாக அதன் சிறப்பு, நாட்டு வைத்தியப் பயன்பாடு, ஆராய்ச்சியின் நிலை, எச்சரிக்கைகள் என நான்கு பந்திகளில் எழுதுக. முருங்கை சிறந்த உணவு. வைத்தியத்துக்குப் பதிலீடு அல்ல என முடிக்கலாம்.

மாணவர்களே, இக்கட்டுரையிலுள்ள எண்கள் அனைத்தையும் மனனஞ்செய்ய வேண்டியதில்லை. இலைக்கும் காய்க்கும் உள்ள வேறுபாடு, இரும்புக் கணக்கு, சமைக்கும் முறைகள், மருத்துவப் பயனின் மூன்று நிலைகள் ஆகிய நான்கையும் விளங்கிக்கொண்டால் எந்த விதமாக வினா கேட்கப்பட்டாலும் விடையளிக்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் இக்காலத்தில் வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது உங்கள் சோற்றுக்கோப்பையில் முருங்கையிலை இருக்கட்டும். வளவில் மரம் இல்லாதவர்கள் அயல்வீட்டில் ஒரு கதியால் கேட்டு, வருகிற மாரியில் நட்டுவிடுங்கள். நலமாக இருந்து நன்றாக எழுத வாழ்த்துகள்.